ஆண்டிஸ் மலையின் கார்தோன் கள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலிவியாவின் உயூனி உப்புவெளி படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை உப்பு, நடுவில் ஒரு பாறைத் தீவு, அதன்மேல் கூட்டமாக நிற்கும் பிரம்மாண்டமான கள்ளிகள். கள்ளி என்றால் கொதிக்கும் பாலைவனம் என்றுதான் நமக்கு நினைப்பு. இதுவோ இரவில் உறைபனி விழும் மலைநாட்டுக் கள்ளி. செடி வளர்ப்பவர்களும் பயணம் போக ஆசைப்படுபவர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கார்தோன் என்பது எந்தக் கள்ளி?

தூண் போல நிமிர்ந்து வளரும் ஒரு பெரிய கள்ளி. கார்தோன் என்பது ஸ்பானிய மொழி பேசும் உள்ளூர் மக்கள் வைத்திருக்கும் பெயர். ஜெர்மனியில் பிறந்து சிலியில் வாழ்ந்த தாவரவியலாளர் ஃபிலிப்பி, அட்டகாமா பாலைவனத்தில் பயணம் செய்துவிட்டு வந்து 1860-ல் இதற்கு முதல் அறிவியல் பெயரைச் சூட்டினார். அதன்பின் பெயர் நிலையாக நிற்கவே இல்லை. ட்ரைக்கோசீரியஸ் பசகானா என்று ஒரு காலம், எக்கினாப்சிஸ் அட்டகாமென்சிஸ் என்று ஒரு காலம், இப்போது லூக்கோஸ்டீலே அட்டகாமென்சிஸ். விதை விற்பவர்களின் பட்டியலில் மூன்று பெயர்களும் தனித்தனியாக இருக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே செடிதான். வேறு வேறு என்று நினைத்து மூன்று பொட்டலம் வாங்க வேண்டாம்.

இதில் இரண்டு துணையினங்களைப் பிரித்துச் சொல்வதுண்டு. சிலிப் பக்கம் உள்ளது பெரும்பாலும் கிளை விடாமல் ஒற்றைத் தூணாக நிற்கும். அர்ஜென்டினாவிலும் பொலிவியாவிலும் உள்ள பசகானா வயதானபின் கைகளைத் தூக்குவது போலக் கிளை விடும். மெக்சிகோவிலும் கார்தோன் என்று ஒரு ராட்சதக் கள்ளி இருக்கிறது. அது வேறு இனம்.

எங்கே வளர்கிறது?

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலை, பொலிவியாவின் தென்மேற்கு, சிலியின் வடக்கு. மூன்று நாடுகளும் ஆண்டிஸ் மலைத்தொடரில் சந்திக்கும் பகுதி இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டரில் தொடங்கி 3,500 மீட்டரையும் தாண்டி ஏறும். உயூனி உப்புவெளியே 3,656 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அதன் நடுவிலுள்ள இன்காஹுவாசி தீவில் கார்தோன்கள் காடு மாதிரி நிற்கின்றன.

தட்டையான பள்ளத்தாக்குத் தரையைவிட சரிவான பாறை இடுக்குகளில்தான் இவை அதிகம். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கள்ளி குளிரில் உறைந்து செத்துவிடாதா?

சாக வேண்டிய செடிதான். உடல் முழுக்கத் தண்ணீர். மலைமேல் காற்று மெல்லியது, மேகமும் இருக்காது. சூரியன் மறைந்ததும் பகலில் வாங்கிய வெப்பமெல்லாம் நேராக வானத்துக்குப் போய்விடும். பகலில் சட்டையோடு நடந்த அதே இடத்தில் இரவில் தண்ணீர்க் குடம் உறையும்.

இதைக் கார்தோன் சமாளிப்பது ஒரே வித்தையால் அல்ல. முதலில், இடம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். சரிவில் நிற்கும் செடிக்கு அந்தத் தேக்கத்திலிருந்து விடுதலை. பக்கத்தில் பாறை இருந்தால் இன்னும் நல்லது. பகல் முழுக்கக் காய்ந்த பாறை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விட்டுக்கொடுக்கும். இரண்டாவது, உடம்பின் பருமன். தடித்த தூண் சீக்கிரம் ஆறாது. ஒல்லியான நாற்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

மூன்றாவது, உச்சி. தூண் கள்ளியின் வளர்ச்சி எல்லாம் நுனியில் உள்ள ஒரு சின்ன இடத்தில்தான் நடக்கிறது. அது கருகிவிட்டால் அந்தத் தண்டு அதற்குமேல் உயராது. அந்த இடத்தைத்தான் முட்களும் ரோமமும் நெருக்கமாக மூடிக் காக்கின்றன. ஒரு முதிர்ந்த செடியின் உச்சியை உற்றுப் பார்த்தால் பச்சையே தெரியாது. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பளிக் குல்லா. வெப்பம் வெளியேறுவதை அது குறைக்கிறது, பகலில் கொடும் வெயிலையும் தடுக்கிறது.

காய்ந்த நிலையில், வேர் நனையாமல் இருந்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரைகூடத் தாங்கும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். நனைந்த மண்ணில் அதே குளிர் வந்தால் கதை வேறு. நல்லவேளையாக, இதன் சொந்த மலையில் மழை கோடையில்தான் பெய்கிறது. குளிர்காலம் வறண்டு கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். கள்ளிகள் இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு அந்தச் சேமிப்பை வைத்து உணவு தயாரிக்கும். இரவு குளிராக இருந்தால் துளை திறந்திருக்கும் நேரத்தில் குறைவான நீரே ஆவியாகும். ஆக, மலையின் குளிர்ந்த இரவு இந்தச் செடிக்குத் தொந்தரவு மட்டுமல்ல, ஒருவகையில் உதவியும்தான்.

1,200 வயதுக் கள்ளி என்கிறார்களே, உண்மையா?

இன்காஹுவாசி தீவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் எண் அது. கணக்கு இப்படி: கார்தோன் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், செடியின் உயரம் 12 மீட்டர், ஆகவே 1,200 ஆண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரே வேகத்தில் வளரும் செடி என்று உலகில் எதுவும் இல்லை. முளைத்த முதல் சில ஆண்டுகளில் கார்தோன் நாற்று ஒரு பட்டாணி அளவைத் தாண்டவே திணறும். வேர் பிடித்து, உடம்பு பருத்து, தண்ணீர் சேமிக்க இடம் வந்தபிறகு வேகம் கூடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அதிகம் வளரும், பொய்த்த ஆண்டில் நின்றுவிடும். தேக்கு போல வெட்டிப் பார்த்து ஆண்டு வளையம் எண்ணவும் வசதியில்லை. நடுவில் சோறும் சுற்றிலும் ஓட்டை ஓட்டையான கட்டையும்தான் இருக்கும்.

பெரிய கார்தோன்கள் சில நூறு ஆண்டு வயதானவை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இன்று உங்கள் இடுப்பளவு நிற்கும் ஒரு செடி உங்கள் பாட்டி பிறந்த காலத்தில் முளைத்திருக்கலாம். இந்த மெதுவான வளர்ச்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்தோன் பற்றிய மற்ற விஷயங்கள் பலவற்றுக்கும், குறிப்பாக மரம், அழிவு ஆகிய இரண்டுக்கும், இதுதான் அடிப்படை.

சின்னச் செடியும் பெரிய செடியும் வேறு மாதிரி தெரிகிறதே?

முள்ளில்தான் வித்தியாசம். இளஞ்செடியின் முட்கள் விறைப்பானவை, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், 10 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆட்டுக்கும் லாமாவுக்கும் எட்டும் உயரத்தில் இருக்கும்போது இந்தக் காவல் தேவை. செடி உயர்ந்து பூக்கும் வயதுக்கு வந்ததும் மேல் பகுதியில் வரும் முட்கள் மெலிந்து, வளைந்து, தலைமுடி போல ஆகிவிடும். ஒரே தூணில் கீழே ஈட்டியும் மேலே ரோமமும் இருப்பதைப் பார்க்கலாம்.

தண்டில் இருபது முப்பது வரிமேடுகள் மேலிருந்து கீழாக ஓடும். மழை கிடைத்ததும் விசிறி மடிப்பு விரிவது போல விரிந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளும். வறண்டதும் சுருங்கும். தோல் கிழிவதில்லை.

எப்போது பூக்கும்? பூ எப்படி இருக்கும்?

தென் அரைக்கோளத்தின் வசந்தமும் கோடைத் தொடக்கமும்தான் பருவம். நம் நாட்காட்டியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இடத்துக்கு இடம், மழைக்கு மழை முன்பின் ஆகும்.

எல்லோரும் கள்ளியின் உயரத்தையே படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பூவைப் பார்ப்பவர்கள் குறைவு. தண்டின் மேல் பகுதியில், பக்கவாட்டில், கறுப்பும் பழுப்புமான ரோமம் போர்த்திய உருண்டை மொட்டாகத் தொடங்கும். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். அந்தப் போர்வை குளிருக்குத்தான். மொட்டு நீண்டு குழலாகி, சாயங்காலம் நுனி பிளந்து வெள்ளை இதழ்கள் வெளியே வரும். வெளி இதழ்களில் லேசான ரோஜா நிறம் படிந்திருக்கும். விரிந்த பூ ஓர் உள்ளங்கையை மூடும். குழலையும் சேர்த்து 10 முதல் 14 சென்டிமீட்டர் நீளம். உள்ளே எட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள், அடியில் இளம்பச்சைத் தொண்டை. மறுநாளும் திறந்திருந்து, பிறகு தொங்கிவிடும். ஒரு பூவின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் மொட்டுகள் தவணை முறையில் விரிவதால் ஒரு செடியில் பல வாரம் பூ இருக்கும்.

மாலையில் விரியும் பெரிய வெள்ளைப் பூ என்றால் அந்துப்பூச்சிக்கானது என்று பாடப்புத்தகம் சொல்லும். பருந்து அந்துப்பூச்சிகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் அர்ஜென்டினாவில் பூவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, முக்கியமான விருந்தாளிகள் பகலில் வரும் தேனீக்கள் என்று தெரிந்தது. மலை இரவு பூச்சி பறக்க முடியாத அளவு குளிர்ந்துவிடும். பூ மறுநாளும் திறந்திருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. உலகின் மிகப் பெரிய ஹம்மிங் பறவையான ராட்சத ஹம்மிங் பறவையும் கார்தோனுக்கு வரும், சில சமயம் அதன்மேலேயே கூடும் கட்டும். சுமார் 20 கிராம் எடை, நம் தேன்சிட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

தன் மகரந்தம் தனக்கே உதவாது என்பதும் முக்கியம். பக்கத்தில் இன்னொரு செடி பூத்திருந்து, யாராவது மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் காய் பிடிக்கும்.

பழம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பழத்துக்கு உள்ளூரில் பசகானா என்று பெயர். பச்சைத் தோல், மேலே ரோமம், உள்ளே வெள்ளைச் சதையும் பொடிக் கறுப்பு விதைகளும். இனிப்பாக இருக்கும். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும் அந்தப் பழத்துக்கு மனிதர்களைவிடப் பறவைகளும் ஆடுகளும்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

கள்ளியில் கதவு செய்கிறார்கள் என்பது நிஜமா?

நிஜம். மரமே இல்லாத மலைநாட்டில் கார்தோன்தான் மரம். செடி செத்ததும் சதை காய்ந்து உதிர்ந்துவிடும்; உள்ளே கட்டையாலான ஒரு குழல் நிற்கும். மெல்லிய திசு இருந்த இடமெல்லாம் நீள்வட்ட ஓட்டைகளாகியிருக்கும். எடை குறைவு, ஆனால் தூக்கி நிறுத்தினால் தாங்கும். அதைப் பிளந்து பலகையாக்கினால் சல்லடை போட்டது போன்ற பலகை கிடைக்கும். ஓட்டைகளை மறைக்க யாரும் முயல்வதில்லை, அதுதான் அந்தப் பலகையின் அழகு.

அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் காச்சி என்றொரு சிற்றூர். அதன் பழைய தேவாலயத்தில் கூரையும், பாவமன்னிப்புக் கூண்டும், பீடத்தின் பகுதிகளும் கார்தோன் மரம்தான். சிலியின் சான் பெத்ரோ தே அட்டகாமா ஊர்த் தேவாலயத்தின் கூரையில் கள்ளிப் பலகைகளை ஆணி இல்லாமல் தோல் வாரால் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பும் இதே பழக்கம்தான். அர்ஜென்டினாவின் தில்காரா ஊரிலுள்ள பழங்குடியினரின் மலைக்கோட்டையை ஆய்வாளர்கள் மறுபடி எழுப்பியபோது, கார்தோன் பலகைமேல் மண் பூசிய கூரையைத்தான் போட்டார்கள். முள்ளும் வீணாகவில்லை, ஆண்டிஸ் மக்கள் கள்ளி முள்ளை ஊசியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வருத்தமான பக்கமும் உண்டு. ஒரு மேசைக்குப் போகும் கட்டை சேர பல தலைமுறை ஆகும், வெட்ட அரை மணி நேரம் போதும். அதனால்தான் இன்று உயிருள்ள கார்தோனை வெட்டத் தடை இருக்கிறது. தானாகச் செத்து விழுந்ததை மட்டும்தான் எடுக்க வேண்டும். கடைத்தெருவில் நினைவுப் பொருளாக விற்கும் கள்ளிமரச் சாமான் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. நான் வாங்கமாட்டேன்.

கௌபாய் படங்களில் வரும் கள்ளி இதுதானா?

இல்லை. அது சஹுவாரோ. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோரா பாலைவனத்திலும் வளர்வது, கார்தோன் நிற்கும் உயரத்துக்கு ஏறாதது. இரண்டும் கள்ளிக் குடும்பம்தான், ஆனால் நெருங்கிய சொந்தமில்லை. ஒரே மாதிரியான வாழ்க்கை ஒரே மாதிரியான உருவத்தைக் கொடுத்திருக்கிறது.

நம் ஊர்ச் சதுரக்கள்ளிக்கு இது உறவா?

பெயரில் மட்டும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். கீறினால் பால் வடியும். கள்ளிக் குடும்பத்தில் அந்தப் பால் கிடையாது, இரண்டொரு விதிவிலக்கைத் தவிர. சப்பாத்திக்கள்ளி மட்டும் கார்தோனின் உண்மையான பங்காளி. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவந்ததுதான்.

கள்ளிக் குடும்பத்தில் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியேயும் தானாக வளர்வது ஒரே ஒரு இனம், ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. முள்ளில்லாமல், மரத்தில் ஒட்டி நூடுல்ஸ் போலத் தொங்கும். ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இருக்கிறது. எப்படிக் கடல் தாண்டியது என்பதில் பறவையின் எச்சம் வழியாக என்ற பதிலே பலருக்கும் பிடித்தது.

நம் வீட்டில் வளர்க்க முடியுமா?

விதையிலிருந்து முளைக்க வைப்பது கஷ்டமில்லை. சலித்த மணலும் கொஞ்சம் மட்கிய உரமும் கலந்து, விதையை மேலாகத் தூவி, மண்ணால் மூடாமல், ஈரம் காயாதபடி பிளாஸ்டிக் மூடி போட்டு வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அப்புறம்தான் பொறுமை வேண்டும்.

சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் வெயில் பிரச்சினையில்லை, இரவுதான் பிரச்சினை. இரவும் சூடாகப் புழுங்கினால் கள்ளி சரியாக மூச்சு வாங்காது. செத்துவிடாது, ஆனால் அப்படியே நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் நனையவிட்டால் அடித்தண்டு அழுகும். மழை படாத, காற்றோட்டமான இடம் பாருங்கள். தொட்டியில் பாதிக்குமேல் பொடிக்கல்லோ பெருமணலோ இருக்கட்டும். மண் முழுக்கக் காய்ந்தபிறகு ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள், மார்கழி தையில் கிட்டத்தட்ட நிறுத்திவிடுங்கள்.

பூவை எதிர்பார்க்காதீர்கள். ஆளைவிட உயரமாகும்வரை பொதுவாகப் பூக்காது. சீக்கிரம் பூ வேண்டுமென்றால் இதன் மலைநாட்டுச் சிறு உறவான ரெபூட்டியாவைத் தேடுங்கள், எலுமிச்சை அளவிலேயே பூத்துக் குலுங்கும். அதற்கும் குளிர்ந்த இரவுதான் பிடிக்கும். எதை வாங்கினாலும் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். கள்ளிகளின் சர்வதேச வியாபாரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின்கீழ் வருகிறது. காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடி சட்டப்படியும் தப்பு, வீட்டிலும் தேறாது.

அழியும் நிலையில் இருக்கிறதா?

பெரிய செடிகள் ஆயிரக்கணக்கில் நிற்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பார்க்க வேண்டியது குட்டிகளை. கார்தோன் விதை வெட்டவெளியில் முளைத்தால் வெயிலும் பனியும் சேர்ந்து முடித்துவிடும். ஒரு புதரின் அடியிலோ பாறை நிழலிலோ விழுந்ததுதான் பிழைக்கும். அர்ஜென்டினா மலைகளில் ஹரில்யா என்ற புதர் இப்படித் தாதி வேலை பார்க்கிறது. ஆடு மாடுகள் புதரை மேய்ந்தாலோ, விறகுக்கு வெட்டினாலோ, கள்ளியைத் தொடாமலேயே அடுத்த தலைமுறைக் கள்ளி இல்லாமல் போகும். அது தெரியவர நூறு ஆண்டு ஆகலாம், ஏனென்றால் பெரியவை அதுவரை நின்றுகொண்டே இருக்கும்.

இதன் உறவினமான தெர்ஷெக்கி கள்ளியை, அர்ஜென்டினாவின் இஸ்ச்சிகுவாலாஸ்தோ பூங்காவில் காட்டுக் கழுதைகள் பட்டை உரித்துத் தின்று சேதப்படுத்துவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மனிதர்கள் தண்டில் பெயர் செதுக்குவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். கள்ளியின் தோலில் விழுந்த கீறல் ஆறி மறைவதில்லை. தழும்பாக அந்தச் செடி உள்ளவரை நிற்கும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

அர்ஜென்டினாவில் லோஸ் கார்தோனெஸ் தேசியப் பூங்கா. இந்தக் கள்ளிக்காகவே 1996-ல் அமைத்தது, சுமார் 65,000 ஹெக்டேர். சால்டா நகரிலிருந்து காச்சிக்குப் போகும் சாலை மலையேறி, 3,300 மீட்டருக்குமேல் ஒரு கணவாயைத் தாண்டி, பூங்காவுக்குள் இறங்கும். அங்கே தின் தின் என்று பெயர் கொண்ட நேர்சாலை ஒன்று பதினெட்டு கிலோமீட்டர் போல வளைவே இல்லாமல் ஓடுகிறது. இன்கா காலத்துப் பாதையின் தடத்தில் போட்ட சாலை அது. இருபுறமும் கார்தோன்கள். அதற்கு வடக்கே ஹுஹுய் மாகாணத்தின் உமாஹுவாகா பள்ளத்தாக்கு, 2003 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம். தில்காரா கோட்டை அதற்குள்தான்.

பொலிவியாவில் இன்காஹுவாசி தீவு. ஜனவரி முதல் மார்ச் வரை உப்புவெளியில் மழைநீர் தேங்கி, தீவுக்கு வண்டி போக முடியாமல் போவதுண்டு. அதே மாதங்களில் சால்டா மலைச்சாலையிலும் மண்சரிவு வரும். பூவையும் பார்த்து, வழியும் திறந்திருக்க வேண்டுமென்றால் நவம்பர் நல்ல மாதம். வந்து இறங்கிய அன்றே மேலே ஏறாமல் ஒன்றிரண்டு நாள் சால்டாவிலேயே தங்கி, காற்றுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு போங்கள். பூ விரிவதைப் பார்க்க மாலையில் வெளியே நிற்க வேண்டியிருக்கும், ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.